பாட்டியின் ஈயச்சொம்பை அடுப்பில் ஏற்றலாமா?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. பாட்டி போன பிறகு பாத்திரங்களைப் பங்கு பிரித்ததில் கும்பகோணத்து ஈயச்சொம்பு ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதில்தான் ரசம் வைக்க வேண்டும் என்கிறார் அம்மா. ஈயம் விஷம், நாலு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அது அடுப்பேறக் கூடாது என்கிறார் மனைவி. யார் சொல்வது சரி?

இப்போதைக்கு மனைவி பேச்சைக் கேளுங்கள். சொம்பைச் சோதித்துப் பார்த்து அது சுத்தமானது என்று தெரிந்துவிட்டால், அப்புறம் அம்மா பேச்சைக் கேளுங்கள். பதில் அவ்வளவுதான். ஆனால் எப்படிச் சோதிப்பது, எதற்காக இந்த மெனக்கெடல் என்பதெல்லாம் கொஞ்சம் நீளமான கதை.

இரண்டு வேறு வேறு உலோகங்களை நாம் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சொம்பு செய்வதும் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் வெள்ளீயம், அதாவது டின். உங்கள் மனைவி பயப்படுவது காரீயத்துக்கு, அதாவது லெட். கார் பேட்டரியிலும் பழைய பெயிண்டிலும் இருப்பது அதுதான். இனி நான் ஈயம் என்று மட்டும் சொன்னால் அது வெள்ளீயம். வெள்ளீயம் சாப்பாட்டுக்குப் பழகிய உலோகம். டப்பாவில் அடைத்து வரும் அன்னாசித் துண்டுக்கும் மீனுக்கும் உள்பக்கம் பூசியிருப்பது அதுவே. டப்பா உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை வெள்ளீயம் இருக்கலாம் என்று சர்வதேச உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ் வரம்பு வைத்திருக்கிறது. காரீயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பெரியவர்கள் உடம்பு உறிஞ்சுவதைப் போல நான்கைந்து மடங்கு காரீயத்தைச் சிறு குழந்தைகளின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். போதாக்குறைக்கு ரசம் என்பது சூடான புளித்தண்ணீர். பாத்திரத்தில் காரீயம் இருந்தால் அதைக் கரைத்து எடுக்க இதைவிடத் தோதான திரவம் சமையலறையில் இல்லை.

நல்ல ஈயச்சொம்பில் காரீயம் எப்படி வரும்? காசுதான் காரணம். உலகச் சந்தையில் சில ஆண்டுகளாகவே வெள்ளீயத்தின் விலை காரீயத்தின் விலையைப் போலப் பத்து மடங்குக்கு மேல். இரண்டும் எளிதில் உருகும், ஒன்றோடொன்று நன்றாகக் கலக்கும், கலந்த பிறகும் வெள்ளையாக மின்னும். வேண்டுமென்றே கலப்படம் செய்யாவிட்டாலும், எடைக்கு வாங்கிய பழைய ஈயத்தை எல்லாம் ஒரே வாணலியில் உருக்கும்போது ரேடியோ பற்றவைத்த, காரீயம் கலந்த கம்பி நாலு துண்டு அதில் விழுந்துவிட்டால் போதும். அதனால் “எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை” என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. காரீயம் உடனே வாந்தி, பேதி என்று காட்டிக்கொடுக்காது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும், அதை யாரும் சொம்போடு சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வீட்டிலேயே ஒரு முதல் சோதனை செய்யலாம். சமையல் தராசு வேண்டும், கிராம் காட்டுகிறதாக. முதலில் சொம்பை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சொம்பு முழுக்க முங்குகிற அளவு தண்ணீர் பிடித்த பாத்திரம் ஒன்றைத் தராசின் மேல் வைத்துப் பூஜ்யம் செய்யுங்கள். சொம்பின் கழுத்தில் நூல் கட்டி, அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். உள்ளே காற்று அடைபட்டிருந்தால் சாய்த்து வெளியேற்றிவிடுங்கள். இப்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை கன சென்டிமீட்டர்தான் சொம்பில் இருக்கும் உலோகத்தின் கன அளவு. எடையை இதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். வெள்ளீயத்துக்கு 7.3, காரீயத்துக்கு 11.3. சொம்பு 800 கிராம், தண்ணீரில் தொங்கவிட்டபோது தராசு 110 காட்டியது என்றால் நல்லது. 90 காட்டினால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி காரீயம்.

ஆனால் இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதற்காக ரசம் வைத்துவிடாதீர்கள். பத்து சதவீதம் காரீயம் கலந்திருந்தாலும் அதே சொம்பு 106 காட்டும். நாலு கிராம் வித்தியாசத்தை வீட்டுத் தராசை நம்பி முடிவு செய்ய முடியாது. தோற்றால் தள்ளிவிடலாம், தேறினால் ஆய்வகத்துக்கு எடுத்துப் போக வேண்டும், அவ்வளவுக்குத்தான் இது உதவும். வளைத்தால் ஈயம் ‘கரகர’ என்று அழும், காகிதத்தில் தேய்த்தால் காரீயம் மட்டும் கோடு போடும் என்று சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். வெள்ளீயத் தகட்டை வளைக்கும்போது உள்ளே படிகங்கள் புரள்வதில் ஒரு சத்தம் வரத்தான் செய்யும். ஆனால் பாட்டியின் சொம்பை யாரும் வளைத்துப் பார்க்கப் போவதில்லை. காகிதக் கோடும் கலப்பு கம்மியாக இருந்தால் ஏமாற்றிவிடும்.

ஆய்வகங்களின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்லின் அங்கீகாரம் உள்ள உலோக ஆய்வகம் எதிலாவது எக்ஸ்ஆர்எஃப் கருவியால் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி எந்தெந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும், சொம்பில் கீறல்கூட விழாது. உடம்பில் ஒரு இடம், அடியில் ஒரு இடம், இணைப்பில் ஒரு இடம் என்று மூன்று இடங்களில் பார்க்கச் சொல்வது முக்கியம். உடம்பு சுத்தமாக இருந்து, எப்போதோ ஓட்டை அடைத்த இடத்தில் மட்டும் காரீயம் இருக்க வாய்ப்பு உண்டு. முடிந்தால் கசிவுச் சோதனையும் செய்யலாம். நான்கு சதவீத அசிடிக் அமிலத்தை ஒரு நாள் முழுக்க ஊற்றி வைத்து, எவ்வளவு காரீயம் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். பீங்கான் தட்டுகளுக்கு வழக்கமாகச் செய்கிற சோதனைதான்.

சரி, சொம்பு தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அதன் கதைக்கு வரலாம்.

எவர்சில்வர் வருவதற்கு முன் காவிரிக் கரை வீடுகளில் தண்ணீர் பிடிப்பது, அரிசி களைவது, சாதம் வடிப்பது எல்லாம் பித்தளை, செம்பு, வெண்கலம்தான். பித்தளையில் புளி பட்டால் பச்சையாகக் களிம்பு ஏறும், வாயில் வைக்க முடியாது. அதற்காகத்தான் ஈயம் பூசுகிறவர் தெருத்தெருவாக வருவார். குழி தோண்டிக் கரி போட்டுத் துருத்தியால் ஊதி, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவித் துணியால் துடைப்பார். குபுக்கென்று வெள்ளைப் புகை கிளம்பும். ஈயக் குச்சியை ஓர் இடத்தில் தொட்டுவிட்டு அந்தத் துணியாலேயே ஒரு சுற்று சுற்றினால் உள்பக்கம் முழுக்க வெள்ளி மாதிரி ஆகிவிடும். சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் விற்பனைக்குச் சமைக்கக் கூடாது என்று 1955இல் வந்த உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளே சொல்லின. ‘ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை’ என்கிறோம். சமையலறையைப் பொறுத்தவரை பித்தளைக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகம்தான், ஈயம் இல்லாமல் அதால் ஒரு குழம்பைத் தாங்க முடியாது.

பூச்சு தேயும், ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து மறுபடி பூச வேண்டும். ஈயச்சொம்பில் அந்தத் தொல்லை இல்லை. பூச்சு எதனால் ஆனதோ அதனாலேயே பாத்திரம் முழுக்க ஆனது. தினமும் புளி கொதிக்கும் ஒரே ஒரு பாத்திரத்தை மட்டும் முழு ஈயத்தில் செய்து வைத்துக்கொண்டது நல்ல கணக்கு.

எல்லா வீட்டிலும் இது இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். விலையுள்ள உலோகம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் வசதியான வீடுகளில், அதிலும் குறிப்பாகப் பிராமண வீடுகளிலும் அவர்களில் பாலக்காடு வரை போன குடும்பங்களிலும்தான் ஈயச்சொம்பு ரசம் என்பது ஒரு பெருமையான பேச்சாக நிலைத்தது. அந்த வீட்டு வயலில் வேலை செய்தவர்கள் வீட்டில் ரசம் கொதித்தது மண்சட்டியில். அந்த ரசம் ருசியில் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. தமிழர் பாரம்பரியம் என்று ஈயச்சொம்பைப் பொத்தாம்பொதுவாக விற்கும்போது எனக்கு அது உறுத்தும்.

உலோகம் வந்த வழியும் சுவாரசியமானது. இந்தியாவில் வெள்ளீயக் கனிமம் எடுக்கிற ஒரே மாநிலம் சத்தீஸ்கர், பஸ்தர் பக்கம். அதுவும் சொற்பம். சோழமண்டலக் கரைக்கு ஈயம் கடல் கடந்துதான் வந்தது. கெடா, பேராக், புக்கெட் என்று மலாய்த் தீபகற்பம் முழுக்க ஈய நிலம். நம் கரைத் துணி அங்கே போகும், ஈயம் இங்கே வரும். தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தையும், அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்டதையும் சொல்கிறது. ஈயத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் அந்த வட்டாரமே ஈயச் சுரங்கத்துக்குப் பேர்போனது. பிற்காலத்தில் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு உலகத்துக்கே ஈயம் கொடுத்தது. 1985இல் சர்வதேச விலைக் கட்டுப்பாடு உடைந்து விலை சரிந்தபோது அங்கே சுரங்கங்கள் வரிசையாக மூடின.

உங்கள் சொம்பை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும், சுத்தியல் பட்ட தடம். ஈயக் கட்டியை உருக்கித் தகடாக்கி, தட்டித் தட்டியே வளைத்து, இணைப்பையும் ஈயத்தாலேயே பற்றவைத்துச் செய்தது. செம்பையும் பித்தளையையும் தட்டத் தட்ட அவை இறுகும். நடுநடுவே உலையில் காட்டி இளக வைக்காவிட்டால் வெடித்துவிடும். வெள்ளீயம் அப்படி இல்லை. தட்டும்போது உள்ளே ஏற்படும் இறுக்கம் அறை வெப்பத்திலேயே தானாகத் தளர்ந்துவிடும். அதனால் பாத்திரம் செய்கிற கன்னார் உலைக்குத் திரும்பத் திரும்பப் போகாமல் ஒரே மூச்சில் தட்டிக்கொண்டே போகலாம். அதே குணம்தான் வீட்டில் வம்பு. கை தவறிக் கீழே விழுந்தால் நசுங்கும், இடுக்கியால் அழுத்திப் பிடித்தால் வாய் கோணும்.

இனி சமையல். ஈயம் 232 டிகிரியில் உருகிவிடும், கேஸ் அடுப்பின் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை, தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, பாத்திரத்தையும் தாண்ட விடாது. வெறும் சொம்பை ஏற்றிவிட்டு அஞ்சறைப்பெட்டியைத் தேடப் போனால் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடி குழைந்து, பர்னரின் துளைகளுக்குள் வெள்ளி நிறத்தில் வழிந்து அடைத்துக்கொள்ளும். பாட்டிக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவர் ரசத்தை வைத்தது குமுட்டி அடுப்பின் கரி நெருப்பிலோ, பெரிய அடுப்பின் மிச்சச் சூடு வரும் கொடியடுப்பிலோ. கேஸ் வந்த பிறகுதான் ஊரில் பல சொம்புகள் உருகிப் போயின.

அதனால் வரிசையை மாற்றாதீர்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே சொம்பில் புளித்தண்ணீர் இருக்க வேண்டும், முக்கால் சொம்புக்குக் குறையாமல். அதைவிடக் குறைந்து மேல்பகுதி காலியாக இருந்தால் பக்கவாட்டில் ஏறும் தீ அங்கே பட்டு விளிம்பு குழையும். இருப்பதிலேயே சின்ன பர்னர், தீ சொம்பின் அடியை விட்டு வெளியே எட்டிப் பார்க்காத அளவு. புளித்தண்ணீரில் தக்காளி, உப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம், ரசப்பொடி போட்டு, பச்சை வாசனை போகும்வரை விடுங்கள். நேரம் ஆகும், அவசரப்படுத்தித் தீயைக் கூட்டக் கூடாது. பிறகு பருப்புத் தண்ணீரை விட்டு விளாவுங்கள். ஓரத்தில் மெல்ல நுரை கட்டி நடுவை நோக்கி வரும், நடுவில் கூடிப் பொங்கி எழும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். தாளிப்பதை மட்டும் ஒருபோதும் சொம்பில் செய்யாதீர்கள். கடுகு வெடிக்கும் நெய்யின் சூடு ஈயத்துக்கு ஆபத்தான எல்லைக்குப் பக்கத்தில் போய்விடும். இரும்புக் கரண்டியில் தாளித்து ரசத்தின் மேல் கொட்டுங்கள், தண்ணீரில் விழுந்ததும் அடங்கிவிடும். இண்டக்ஷன் அடுப்பு என்றால் சொம்பு சூடே ஆகாது, காந்தம் ஒட்டாத உலோகம்.

ஈயச்சொம்பு ரசம் ருசி என்பது இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ரசம் தளதளவென்று கொதித்தால் மிளகு, சீரகம், பெருங்காயம், கொத்தமல்லி எல்லாவற்றின் வாசனையும் ஆவியோடு போய்விடும், நல்ல சமையற்காரர் எந்தப் பாத்திரத்திலும் ரசத்தைக் கொதிக்க விடமாட்டார். எவர்சில்வரில் அந்த நிதானம் நம் கையில், ஈயச்சொம்பில் நிதானம் இல்லாவிட்டால் சொம்பே இருக்காது. பயந்து பயந்து வைப்பதாலேயே பாதி ருசி வந்துவிடுகிறது. மீதிக்கு ஈயத்தின் குணமும் கொஞ்சம் உதவுகிறது. எவர்சில்வரைப் போல நான்கு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், அதனால் அடியில் ஓர் இடம் மட்டும் சுடாமல் சொம்பு முழுக்கச் சூடு பரவும். இணையத்தில் விற்பவர்கள் சொல்வது போல ஈயச்சத்து உடம்புக்கு நல்லது, எலும்புக்குப் பலம் என்பதெல்லாம் கட்டுக்கதை. வெள்ளீயம் மனித உடம்புக்குத் தேவை என்று நிரூபணம் ஆகவில்லை. ரசம் நன்றாக இருந்தால் போதாதா?

ரசத்தைச் சொம்பிலேயே இரவு வரை வைக்க வேண்டாம், சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள். ஆறிய பிறகு புளிச்சக்கையும் மெத்தென்ற நாரும் போட்டுக் கழுவினால் போதும். கம்பிப் பஞ்சு கூடாது. கழுவிய சொம்பைக் காய வைக்கிறேன் என்று அடுப்பில் வைப்பவர்களும் உண்டு, அதைச் செய்யாதீர்கள். உள்ளே கிளற மரக்கரண்டியோ சிரட்டை அகப்பையோ நல்லது. நாளடைவில் பளபளப்பு மங்கிச் சாம்பல் நிறம் வரும், அது அழுக்கு இல்லை. நசுங்கிய இடத்தைக் கட்டைவிரலாலேயே பெரும்பாலும் தள்ளிவிடலாம். ஓட்டை விழுந்தால் ஈயம் வேலை செய்கிறவரிடம் மட்டும் கொடுங்கள், எலெக்ட்ரிகல் கடைக்காரர் பற்றவைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம், அவர் வைத்திருக்கும் கம்பியில் காரீயம் இருக்கலாம்.

பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எடைக்கு எடை கழித்துக் கூலி வாங்கிக்கொண்டு தருவார்கள். சோதனையில் தேறிய சொம்பு என்றால் மாற்றாதீர்கள். கையிலிருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும், வரப்போவதைத் திரும்பவும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். புதிதாகவே வாங்குவதானால் கடைக்காரரிடம் ஆய்வக அறிக்கை கேளுங்கள். அதற்கு முகம் சுளிப்பவரிடம் வாங்க வேண்டாம்.

சோதனையில் தோற்றுவிட்டால் நிலைமை வேறு. அம்மாவிடம் அறிக்கையைக் காட்டுங்கள். பூச்சுப் பூசிப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பூசுகிற சூட்டில் சொம்பே உருகிவிடும். பிள்ளை எட்டாத உயரத்தில் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், தொட்டால் கை கழுவ வேண்டும். பழைய பாத்திரக்காரரிடம் மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அது மற்ற ஈயத்தோடு சேர்ந்து உருகி, வேறு யார் வீட்டுக்கோ புதுச் சொம்பாகப் போய்ச் சேரும்.